ஒரு பேராசிரியரின் தாள்கள்: பழைய கல்லூரிக்கா, பல்கலைக்கழக நூலகத்துக்கா, ஏலத்துக்கா?

கேம்பிரிட்ஜிலோ ஆக்ஸ்போர்டிலோ படித்து அங்கேயே பல காலம் பணியாற்றிய ஒருவர் காலமாகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீடு நிறைய அட்டைப்பெட்டிகள். கடிதங்கள், நாட்குறிப்புகள், பாதியில் நின்ற கட்டுரைகள், மாணவர்களுக்கு எழுதிய பரிந்துரைகள், நடுவே நாலைந்து மின்கட்டண ரசீதுகள். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். வீட்டையும் சீக்கிரம் காலி செய்தாக வேண்டும். அவருடைய கல்லூரிக்கே கொடுத்துவிடுங்கள் என்கிறார் பழைய நண்பர் ஒருவர். பல்கலைக்கழக நூலகம்தான் பெரிது என்கிறார் இன்னொருவர். விற்றால் நல்ல காசு வரும் என்பவரும் உண்டு. எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி வைத்துக்கொண்டால் போதாதா என்பான் பேரன்.

இந்த நான்கு வழிகளிலும் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய தாள்களுக்கு என்ன ஆயிற்று என்பதும் நமக்குத் தெரியும். அதை வைத்தே ஒப்பிடலாம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கட்டடத்தின் பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். யார் பட்டியல் போடுவார்கள், எப்போது போடுவார்கள் என்று கேளுங்கள். பட்டியலில் ஏறாத தாள் எவ்வளவு அழகான நூலகத்தில் இருந்தாலும் இருந்தும் இல்லாததுதான்.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வது நல்லது. அந்த ஊர்களில் கல்லூரி வேறு, பல்கலைக்கழகம் வேறு. டிரினிட்டி கல்லூரிக்குச் சொந்தமான ரென் நூலகமும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகமும் ஒரே ஊரில் இருந்தாலும் தனித்தனி நிறுவனங்கள். சொத்தும் தனி, ஆட்களும் தனி, விதிகளும் தனி. 'கேம்பிரிட்ஜுக்குக் கொடுத்தோம்' என்று ஒரு குடும்பம் சொன்னால் அதிலிருந்து எதுவும் புரியாது. கேம்பிரிட்ஜின் ஆர்கைவ்சர்ச் என்ற பொதுப் பட்டியலில் பல கல்லூரிகளின் ஆவணங்களையும் பல்கலைக்கழகத்தின் ஆவணங்களையும் ஒரே இடத்தில் தேடலாம் என்பது இப்போது பெரிய வசதி.

சரி, கல்லூரியிலிருந்து தொடங்குவோம்.

கல்லூரியின் பெரிய பலம், அந்த மனிதரைப் பற்றிய மறுபாதி அங்கே ஏற்கனவே இருக்கிறது என்பது. சேர்க்கைப் பதிவேடு, கல்லூரிக் குழுக்களின் குறிப்பேடுகள், சக ஆசிரியர்களின் கடிதங்கள், சங்கங்களின் கணக்குகள் எல்லாம் கல்லூரியின் சொந்த ஆவணங்களில் கிடக்கும். தனிமனிதரின் தாள்கள் அவற்றின் பக்கத்தில் போய் உட்கார்ந்தால், ஒரு கடிதத்தையும் அதற்கு வந்த பதிலையும் ஒரே மேசையில் விரித்துப் படிக்கலாம். கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங் மாணவராக இருந்ததும், 1935இல் ஃபெலோ (கல்லூரியின் ஆசிரியர்-ஆய்வாளர் குழு உறுப்பினர்) ஆனதும் கிங்ஸ் கல்லூரியில்தான். அவருடைய தாயார் சாரா டூரிங் மகனின் தாள்களை 1960இல் அந்தக் கல்லூரிக்கே கொடுத்தார். அப்போது டூரிங்கின் பெயர் வெளியுலகில் அவ்வளவு பிரபலமில்லை. போர்க்காலத்தில் எதிரியின் சங்கேதச் செய்திகளை உடைத்த அவருடைய பணி ரகசியமாகவே இருந்தது. ஏலத்துக்குப் போயிருந்தால் பெரிதாக ஒன்றும் தேறியிருக்காது. தாள்கள் சிதறியது மட்டும்தான் மிச்சமாகியிருக்கும். கல்லூரி அவற்றை ஒன்றாக வைத்திருந்தது. பின்னாளில் அவற்றில் பெரும்பகுதி இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. புகழ் வருவதற்கு முன்பே ஒருவரின் தாள்களை வாங்கி வைத்துக்கொள்ளும் பொறுமை பழைய கல்லூரிகளுக்கு உண்டு. நம்மவர் என்ற ஒரு காரணமே அவர்களுக்குப் போதும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதற்கு ராமானுஜனின் தாள்களைவிட நல்ல உதாரணம் கிடையாது.

1920இல் ராமானுஜன் இறந்த பிறகு அவருடைய கடைசி ஆண்டுத் தாள்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தன. பதிவாளர் டியூஸ்பரி 1923இல் தாள்கட்டு ஒன்றை, ராமானுஜனை இங்கிலாந்துக்கு அழைத்த கணிதர் ஹார்டிக்கு அனுப்பினார். ஹார்டியிடமிருந்து அது எப்போதோ வாட்சனிடம் போனது. வாட்சன் பெரிய கணிதர், ராமானுஜனின் வேலையில் ஆண்டுக்கணக்கில் மூழ்கியவர். 1965இல் அவர் இறந்தார். அந்த வீட்டுக்குப் போன விட்டேக்கர் என்ற கணிதர் தான் கண்டதைப் பின்னாளில் ஒரு கடிதத்தில் விவரித்திருக்கிறார். படிப்பறையின் தரை முழுக்க ஓரடி உயரத்துக்குத் தாள்கள், ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. சில நாளில் எல்லாம் எரிக்கப்பட இருந்தன. கையை விட்டு எதையாவது எடுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. வாட்சன் எதையுமே தூக்கியெறியாதவர் என்பதால் கணிதத்துக்குப் பதில் பழைய ரசீதோ 1923ஆம் ஆண்டின் வருமான வரிக் கணக்கின் வரைவோ கையில் வர வாய்ப்பு அதிகம். அப்படித் துழாவியபோது அகப்பட்டதுதான் ராமானுஜனின் கட்டு. ராங்கின் என்ற இன்னொரு கணிதர் 1968 டிசம்பரில் அதை ராமானுஜனின் கல்லூரியான டிரினிட்டிக்கு அனுப்பிவைத்தார்.

காப்பாற்றப்பட்டது, சரி. அப்புறம்? 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கர் ரென் நூலகத்தில் வாட்சனின் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தக் கையெழுத்து கண்ணில் பட்டது. நூறு பக்கத்துக்கு மேல், அறுநூறுக்கும் அதிகமான சூத்திரங்கள். 'தொலைந்துபோன நோட்டுப் புத்தகம்' என்று உலகம் இன்று அழைப்பது அதைத்தான். உண்மையில் அது தொலையவே இல்லை. ஏழு வருடத்துக்கு மேல் உலகின் மிகப் புகழ்பெற்ற நூலகங்களில் ஒன்றில் பத்திரமாகத்தான் இருந்தது. அங்கே இருக்கிறது என்று வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். ராமானுஜனின் சூத்திரங்களைக் கண்டால் உடனே இனம் காணக்கூடிய ஒருவர் தற்செயலாக வந்து உட்காராமல் போயிருந்தால் அந்தக் காலம் இன்னும் நீண்டிருக்கும்.

கல்லூரிக்குக் கொடுப்பதன் சாதகமும் பாதகமும் இந்த ஒரே கதையில் இருக்கின்றன. கல்லூரி பத்திரமான இடம். எதையும் தூக்கியெறிய மாட்டார்கள். வெள்ளம், தீ, பூச்சி எல்லாவற்றுக்கும் ஏற்பாடு இருக்கும். ஆக்ஸ்போர்டின் பேலியால் கல்லூரி தன் பழைய ஆவணங்களுக்காக ஒரு பழைய தேவாலயத்தையே காப்பகமாக மாற்றி வைத்திருக்கிறது. ஆனால் பல கல்லூரிகளில் ஆவணக் காப்பாளர் என்றால் ஒருவர் அல்லது இருவர்தான். நடுக்காலத்து நிலப் பத்திரங்களிலிருந்து போன வாரம் வந்த மின்னஞ்சல் வரை எல்லாம் அவர் தலையில். உங்கள் பெட்டிகள் வரிசையில் எங்கே நிற்கும் என்பதை அவராலேயே உறுதியாகச் சொல்ல முடியாது. வாசக அறையில் மேசைகள் கொஞ்சம். முன்கூட்டியே எழுதி நாள் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

பல்கலைக்கழக நூலகம் இதற்கு நேர்மாறு. ஆட்கள் அதிகம், வாசக அறை பெரிது, தாள்களைச் செப்பனிடும் பிரிவு இருக்கும், மின்னாக்கம் செய்யும் கருவிகள் இருக்கும். அறிவியலாளர்களுக்கு இது பெரும்பாலும் பொருத்தமான இடம், ஏனென்றால் அவர்களின் வேலை நடந்தது துறையில், கல்லூரியில் அல்ல. ஸ்டீபன் ஹாக்கிங் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கான்வில் அண்ட் கீஸ் கல்லூரியின் ஃபெலோ. ஆனாலும் அவருடைய தாள்கள் 2021இல் பல்கலைக்கழக நூலகத்துக்குத்தான் போயின. அலுவலக அறையில் இருந்த பொருட்கள் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு. வாரிசு வரிக்குப் பதிலாக இப்படி ஆவணங்களையும் கலைப்பொருட்களையும் அரசிடம் ஒப்படைக்க பிரிட்டனில் ஒரு திட்டமே உண்டு. வரி கட்டும் அளவுக்குச் சொத்து உள்ள குடும்பம் விற்பதற்கு முன் வழக்கறிஞரிடம் இதைப் பற்றிக் கேட்டுவிடுவது நல்லது.

பெரிய நூலகத்தில் எனக்குள்ள பயம் வேறு. அது தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். நியூட்டனுக்கு அதுதான் நடந்தது. அவருடைய தாள்கள் போர்ட்ஸ்மவுத் பிரபுக் குடும்பத்திடம் இருந்தன. 1872இல் குடும்பம் அவற்றைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. ஒரு குழு உட்கார்ந்து பிரித்தது, 1888இல் பட்டியல் வந்தது. கணிதமும் இயற்பியலும் பல்கலைக்கழகத்தில் தங்கின. ரசவாதம், இறையியல், காலக்கணக்கு பற்றிய கட்டுகளில் பெரும்பகுதி 'அறிவியல் இல்லை' என்று வீட்டுக்கே திரும்பிப் போயின. அன்றைக்கு அது நியாயமாகத்தான் பட்டிருக்கும். 1936இல் குடும்பம் அந்த மிச்சத்தை சோத்பி ஏலத்தில் விட்டது. 329 கட்டுகள், கிடைத்தது ஒன்பதாயிரம் பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். வாங்கியவர்கள் பலர்.

பொருளியலாளர் கெய்ன்ஸ் பதறிப்போய்த் தன்னால் முடிந்தவரை திரும்ப வாங்கினார், குறிப்பாக ரசவாதத் தாள்களை. 1946இல் அவர் இறந்தபோது அவை கிங்ஸ் கல்லூரிக்கு வந்தன. நியூட்டன் படித்ததும் பணியாற்றியதும் டிரினிட்டியில் என்பதை நினைத்துப் பாருங்கள். இறையியல் தாள்களில் பெரும்பகுதியை வாங்கிச் சேர்த்தவர் யஹூதா என்ற அறிஞர். அவர் இறந்த பிறகு அவை ஜெருசலேத்துக்குப் போய், இன்று இஸ்ரேல் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. ஒரே மனிதர் ஒரே அறையில் உட்கார்ந்து எழுதியவை. இன்று நியூட்டனின் மனம் எப்படி வேலை செய்தது என்று புரிந்துகொள்ள ஆய்வாளர்கள் மிகவும் விரும்பித் தேடுவது, அன்று தேவையில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட அந்தப் பகுதியைத்தான். 1998இல் தொடங்கிய நியூட்டன் திட்டம் எல்லாவற்றையும் எழுத்துப்பெயர்த்து இணையத்தில் ஒன்றுசேர்த்து வருகிறது. பிரித்தது சில வருட வேலை. சேர்ப்பதற்கு இன்னும் ஆள் வேலை செய்துகொண்டிருக்கிறது.

ஆகவே நூலகம் 'இதையெல்லாம் எடுத்துக்கொள்கிறோம், இவை எங்களுக்கு வேண்டாம்' என்று சொன்னால் உடனே கேட்க வேண்டிய கேள்வி: வேண்டாதது எங்கே போகும்? பதில் எழுத்தில் வர வேண்டும். பக்கத்துக் கல்லூரி அதை வாங்கிக்கொள்ளுமா என்று அவர்களையே விசாரிக்கச் சொல்லலாம், செய்வார்கள்.

விற்பனையைப் பற்றிப் பேசினாலே சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அப்படி இல்லை. எப்படி விற்கிறோம் என்பதுதான் விஷயம். தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் டிரினிட்டிக்காரர். அமைதி இயக்க வேலைகளுக்குப் பணம் தேவைப்பட்டதால், உயிரோடு இருக்கும்போதே, 1968இல், தன் தாள்களை விற்றார். வாங்கியது கனடாவில் ஹாமில்டன் நகரத்தின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம். ரஸ்ஸலுக்கும் அந்த ஊருக்கும் முன்பின் தொடர்பு சொல்லும்படி இல்லை. கேட்கும்போது தப்பாகத் தோன்றும் ஏற்பாடு. ஆனால் காசு கொடுத்து வாங்கியவர்கள் அதன் மேல் காசு போட்டார்கள். தனிக் காப்பகம், கடிதம் கடிதமாகப் பட்டியல், அவர் எழுத்துகளின் தொகுப்புப் பதிப்பு, ஓர் ஆய்வு மையம் என்று வளர்ந்தது. சொந்தக் கல்லூரியில் பல பெரிய பெயர்களில் ஒருவராக இருந்திருப்பார். அங்கே அவர்தான் எல்லாம். மொத்தமாக ஒரே நிறுவனத்துக்கு விற்பது ஒன்று, கட்டுக்கட்டாக ஏலம் விடுவது முற்றிலும் வேறொன்று. முதலாவதை நான் ஆட்சேபிக்க மாட்டேன். இரண்டாவது கூடவே கூடாது.

வானியற்பியலாளர் சந்திரசேகரும் டிரினிட்டியில் ஃபெலோவாக இருந்தவர்தான், 1933 முதல் 1937 வரை. பிறகு 1995இல் இறக்கும்வரை அவருடைய வாழ்க்கை சிகாகோ பல்கலைக்கழகத்தோடு பிணைந்தது. தாள்களும் அங்கேதான் இருக்கின்றன. நாலு வருடப் பாசத்துக்காகக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பியிருந்தால் அபத்தமாக இருந்திருக்கும். பழைய கல்லூரியின் பெயருக்கு ஒரு மயக்கம் உண்டு, குறிப்பாக நம் குடும்பங்களில். வரவேற்பறையில் மாட்டியிருக்கும் பட்டமளிப்புப் படத்தை வைத்துத் தாள்களின் கதியை முடிவுசெய்ய வேண்டாம்.

வீட்டிலேயே வைத்துக்கொள்வது பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்பதை 1816இலேயே எழுதிக்காட்டிய ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் 1819இல் ராமநாதபுரத்தில் திடீரென்று இறந்தார். கேட்பாரற்று மதுரை கலெக்டர் வீட்டில் கிடந்த அவருடைய தாள்கள், மாதக்கணக்கில் அந்த வீட்டுச் சமையல்காரருக்கு அடுப்புப் பற்றவைக்கவும் கோழி வாட்டவும் பயன்பட்டன என்று பின்னாளில் சென்னையில் பணியாற்றிய அதிகாரி வால்டர் எலியட் எழுதிவைத்திருக்கிறார். தப்பித்த மிச்சம் ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. நம் வீடுகளில் இன்று விறகடுப்பு இல்லை, பழைய பேப்பர்காரர் இருக்கிறார்.

ஸ்கேன் நல்லதுதான், ஆனால் அது மாற்று இல்லை, துணை. பென்சில் குறிப்பு மேலா கீழா, எந்தத் தாள் எதோடு குத்தியிருந்தது, உறை எந்தக் கடிதத்தினுடையது என்பதெல்லாம் படத்தில் பாதி போய்விடும். ஹார்டு டிஸ்க்கையும் யாராவது பத்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குடும்பத்துக்குப் படம், காப்பகத்துக்கு அசல் என்று பிரித்துக்கொண்டால் இருவருக்கும் நிம்மதி.

இனி ஒப்பந்தம். எந்த இடத்தைத் தேர்ந்தாலும் இங்கேதான் கவனம் வேண்டும்.

முதலில், நன்கொடையா வைப்பா என்று தீர்மானியுங்கள். நன்கொடை என்றால் தாள்கள் அவர்களுடைய சொத்து. வைப்பு என்றால் சொத்து உங்களுடையது, காவல் அவர்களுடையது. வைப்பில் சுதந்திரம் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் என்றைக்கு வேண்டுமானாலும் திரும்பிப் போய்விடக்கூடிய பெட்டிகளுக்கு எந்த நிறுவனமும் முதலில் செலவு செய்யாது. பட்டியல் சீக்கிரம் வர வேண்டும் என்றால் நன்கொடையே மேல்.

பதிப்புரிமை தனி விஷயம். தாளைக் கொடுத்தால் உரிமையும் போய்விடாது. தனியாக எழுதிக்கொடுத்தால்தான் போகும். இன்னொரு சிக்கல், அவருக்கு வந்த கடிதங்கள் உங்கள் கையில் இருந்தாலும் அவற்றின் பதிப்புரிமை எழுதியவர்களுடையது, அவர்களுக்குப் பின் வாரிசுகளுடையது. பிரிட்டனில் ஒரு விசித்திரமான விதி வேறு இருக்கிறது: எழுதியவர் 1969க்கு முன்பே இறந்து, எழுத்து 1989 ஆகஸ்ட் வரை வெளியாகாமல் இருந்தால், எவ்வளவு பழையதாக இருந்தாலும் பதிப்புரிமை 2039 முடிய நிற்கும். ஆகவே 'இணையத்தில் போடுங்கள்' என்று நீங்கள் தாராளமாகச் சொன்னாலும் கல்லூரி தயங்கும். அது சோம்பல் இல்லை.

உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய தாள்கள், அதாவது மாணவர் மதிப்பீடு, மருத்துவக் கடிதம், வேலைப் பரிந்துரை போன்றவை, சில பத்தாண்டுகள் மூடப்பட்டிருக்கும். அதை எதிர்க்காதீர்கள். ஆனால் குடும்பமே 'எங்கள் அனுமதி இல்லாமல் யாரும் பார்க்கக்கூடாது' என்று காலவரையின்றி நிபந்தனை போடுவது தொல்லையில் முடியும். இருபது வருடம் கழித்து அனுமதி கேட்டு எழுத யாரும் இருக்க மாட்டார்கள், அல்லது ஆறு பேர் இருப்பார்கள், ஆறு பேரும் ஒத்துப்போக மாட்டார்கள். மூட வேண்டியதை மூடுங்கள், திறக்கும் ஆண்டை எழுதுங்கள்.

அப்புறம் அந்த முக்கியமான கேள்வி: பட்டியல் எப்போது? 'விரைவில்' என்பது பதில் இல்லை. முழுப் பட்டியலுக்கு நாளாகும் என்றால், பெட்டிக்கு இரண்டு வரி வீதம் ஒரு சுருக்கப் பட்டியலை ஓராண்டுக்குள் பொதுப் பட்டியலில் ஏற்ற முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலோர் ஒத்துக்கொள்வார்கள். குடும்பத்தால் முடிந்தால் பட்டியலிடும் ஆளின் சில மாதச் சம்பளத்தை நன்கொடையோடு சேர்த்துக் கொடுக்கலாம். தாளைவிட அந்தப் பணத்துக்குத்தான் கல்லூரிகள் உண்மையில் திண்டாடுகின்றன.

இத்தனைக்கும் பிறகு என் தீர்ப்பு: அவர் முக்கால்வாசி வாழ்க்கையைக் கல்லூரிக்குள் ஆசிரியராகவோ நிர்வாகியாகவோ கழித்தவர், அங்கே முழுநேர ஆவணக் காப்பாளர் இருக்கிறார், சுருக்கப் பட்டியலுக்கு நாள் சொல்கிறார் என்றால் யோசிக்காமல் கல்லூரிக்குக் கொடுங்கள். ஆய்வுக்கூடத்திலும் துறையிலும் வாழ்ந்தவர் என்றால் பல்கலைக்கழக நூலகம், மொத்தமாக எடுத்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையோடு. வேறொரு ஊரில் அவருடைய துறைக்கென்றே காப்பகம் இருந்து, அவருடன் கடிதம் எழுதிக்கொண்டவர்களின் தாள்கள் அங்கே இருந்தால், பழைய கல்லூரியை மறந்துவிட்டு அங்கே போங்கள். பணம் வேண்டும் என்றால் ஒரே நிறுவனத்துக்கு முழுசாக விற்றுவிடுங்கள்.

முதல் கடிதம் அரைப் பக்கம் போதும். அவர் யார், எத்தனை பெட்டி, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, கணினிக் கோப்புகள் உண்டா, வீடு எப்போது காலியாக வேண்டும். பெட்டிகளை அலமாரியில் இருந்தபடியே நாலு படம் எடுத்து இணையுங்கள். தேதிவாரியாக அடுக்குகிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். அவர் வைத்திருந்த வரிசையே ஒரு தகவல், காப்பாளர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். கல்லூரிக்கும் நூலகத்துக்கும் ஒரே சமயத்தில் எழுதலாம், தப்பில்லை. ஆனால் இருவருக்கும் எழுதியிருக்கிறோம் என்று இருவரிடமும் சொல்லிவிடுங்கள். அந்த ஊர்களில் ஆவணக் காப்பாளர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். நீங்கள் சொல்லாவிட்டாலும் அடுத்த வாரம் அவர்களே பேசிக்கொண்டிருப்பார்கள்.